பொட்டு வைத்த ஏவுகணை

நான் ஸ்டோர் கீப்பர். ‘இல்லை’ என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். அரபிக்காரர் வந்தால் ‘மாஃபி’, பாகிஸ்தானி வந்தால் ‘நஹி ஹை’, வெள்ளைக்காரர் வந்தால் ‘நெக்ஸ்ட் வீக்’, நம் ஆள் வந்தால் பதிலே கிடையாது, ஒரு முறைப்பு மட்டும்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று கேம்ப்பில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். எழுபத்து மூன்றாம் வருடம் இந்தக் கல்யாணசுந்தரத்தின் ஸ்டோரில் உண்மையாகவே ஒன்றும் இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள், எங்களுக்கு வெகு தூரத்தில், மேற்கே சண்டை மூண்டது. எங்கள் கம்பெனி, துபாயிலிருந்து அல் ஐன் போகும் சாலையில் மணலுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன விமானப்படைத் தளத்துக்குப் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தது. சண்டை எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதன் தட்டுப்பாடு மட்டும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டது. தளத்திலிருந்த போர் விமானங்களின் ஏவுகணைகளையெல்லாம் சண்டை போடும் சகோதர நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக விற்கவேண்டிய நாடு கப்பலை நிறுத்தி வைத்துவிட்டது. சில வாரங்களில் சண்டை ஓய்ந்தது, கப்பல் மட்டும் வரவில்லை. விமானங்கள் வெறும் இறக்கையோடு நின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிடங்கில் ஏவுகணைகள் இருந்தன. ஆனால் அவை வேறு ஜாதி. லாரி முதுகில் வைத்துத் தரையிலிருந்து வானத்தைப் பார்த்துச் சுடுவதற்காக வாங்கியவை. தலைக்குத் தொப்பி இல்லாதவன் கையில் செருப்பைக் கொடுத்த கதைதான்.

தளத்தின் தலைவர் மேஜர் ஹுமைத். பம்பாயில் பள்ளிக்கூடம் படித்தவர். எங்கள் எல்லோரையும்விட நன்றாக இந்தி பேசுவார். ஒருநாள் காலை எங்கள் தகரக் கொட்டகைக்குள் நுழைந்து, “லாரி மேல வைக்கிறதைப் பிளேன் இறக்கையில மாட்ட முடியுமா?” என்று இந்தியில் கேட்டார்.

அங்கே இருந்த இரண்டு வெள்ளைக்கார டெக்னீஷியன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்தவனிடம் கேட்கவேண்டும், வரைபடம் வரவேண்டும், ஒரு வருடமாவது ஆகும் என்றார்கள். மரியாதையான, புத்தியுள்ள பதில்.

“முடியும் சார்,” என்றான் அனந்தகிருஷ்ணன்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அனந்து எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். மயிலாப்பூர்ப் பையன். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆழம் பார்க்காமல் காலை விடுகிறவனுக்குக் கெட்டிக்காரத்தனம் முழங்கால் வரைதானே உதவும்? மேஜர் போனதும் அவனைப் பிடித்து உலுக்கினேன்.

“ஏன்டாப்பா, எதை நம்பிடா முடியும்னு சொன்னே?”

“குவார்ட்டர்ஸை நம்பித்தான் சார்,” என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தளத்தில் குடும்பத்தோடு இருக்கக்கூடிய வீடு ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. அந்த வீடு கிடைத்தால்தான் மனைவிக்கு விசா. அனந்துவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. மனைவி சந்திரகலாவோடு அவன் இருந்தது கல்யாண விருந்துகளுக்குப் போய்வந்த நாட்கள் மட்டும்தான். அவள் மயிலாப்பூரில் மாமனார், மாமியார், மூன்று நாத்தனார்களோடு ஒரே கூரையின் கீழ். அந்த வீட்டுக்கு இன்னொரு வெள்ளைக்காரரும் மனுப் போட்டிருந்தார். எதற்கு? அவருடைய இரண்டு நாய்களுக்குச் சூடு தாங்கவில்லையாம்.

அந்த வாரம் வந்த கடிதத்தில் சந்திரகலா எழுதியிருந்ததை அனந்துவே என்னிடம் படித்துக் காட்டினான். ‘ஆயுத பூஜைக்கு உங்கள் ஸ்கூட்டரைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எதற்கு அலங்காரம் என்று உங்கள் தங்கை கேட்டாள். அடுத்த வருடமும் ஸ்கூட்டருக்குத்தான் வைக்க வேண்டுமா?’

படித்துவிட்டுக் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தான். நான் ஒரு தாளை அவன் பக்கம் தள்ளி, “சரி, என்ன வேணும்னு எழுதிக் கொடு. இல்லைன்னு சொல்றேன்,” என்றேன்.

மறுநாளே அனந்து மேஜரிடம் போய் நேராகக் கேட்டுவிட்டான். மேஜர் சிரித்தாராம். “உன் மிசைல் என் பிளேன்ல உட்கார்ந்து ஒரு தடவை உறுமட்டும். சாவி உன் கையில. உறுமலைன்னா வீடு நாய்க்கு,” என்றாராம்.

உறுமல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த ஏவுகணையின் மூக்கு நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண். அது வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்கும். விமானத்தின் எஞ்சின் சூடு கண்ணில் பட்டதும் உள்ளே ஒரு உறுமல் கிளம்பும். அந்த உறுமலைக் காதில் கேட்டுத்தான், ‘ஆச்சு, பார்த்துவிட்டது’ என்று ஆள் சுடுவான். லாரியில் இருக்கும்போது இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். விமானத்தில் மாட்டினால்தான் தொல்லை. லாரியில் அது உட்கார்ந்து பழகியது, இறக்கையில் தொங்கவேண்டும். லாரி தரும் மின்சாரம் வேறு, விமானம் தரும் மின்சாரம் வேறு. இரண்டுக்கும் நடுவே சமாதானம் பேச ஒரு பெட்டி செய்யவேண்டும்.

தொங்குவதற்கான தாங்கியைச் செய்தவன் வெல்டர் சோலைமுத்து. பரமக்குடிப் பக்கத்து ஆள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே டீ குடிப்பான், தூங்குவான். பெட்டியை அனந்து செய்தான். அதற்கான சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல. ஆபீஸ் ஏர்கண்டிஷனர் ஒன்று அந்த மாதம் திடீரென்று நின்றுபோனது. ஒரு பழைய புல்டோசரின் வயர்கள் காணாமல் போயின. கடைசியில் உறுமலை வெளியே கேட்கச் செய்ய ஒரு ஸ்பீக்கர் வேண்டும் என்று வந்து நின்றான். ஸ்டோரில் இல்லை. என் அறையில் இருந்தது, என்னுடைய ரேடியோவுக்குள். சாயங்காலம் இலங்கை வானொலி கேட்பது ஒன்றுதான் அந்தப் பாலைவனத்தில் எனக்கு இருந்த சுகம்.

“மாஃபி,” என்றேன்.

அவன் வாசலை விட்டு நகரவில்லை.

“எடுத்துத் தொலை,” என்றேன்.

வெடிமருந்தையெல்லாம் எடுத்துவிட்ட வெறும் உடம்பைக் கொட்டகை மேசையில் வைத்து, என் ஸ்பீக்கரை மாட்டி, முதல் தடவை மின்சாரம் கொடுத்தபோது நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். சோலைமுத்து ஒரு பீடியைப் பற்றவைத்தான். ‘உர்ர்ர்’ என்றது. துள்ளிக் குதித்து மூன்று பேர் பின்வாங்கினார்கள். அவன் பீடியை இடப்பக்கம் கொண்டுபோனான், உறுமல் குறைந்தது. நேரே கொண்டுவந்தான், கூடியது.

“அட, நம்ம ராமையாண்ணே மாதிரியே இருக்குடோய்,” என்றான் சோலைமுத்து.

ராமையா கேம்ப் சமையல்காரர். நெல்லூர்க்காரர், மெட்ராஸில் பழகிய தமிழ். அடுப்பு எரியும்போது பக்கத்தில் யார் போனாலும் உறுமுவார். சோறு இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் கடிப்பார். அன்றிலிருந்து ஏவுகணைக்கு ராமையா என்றே பெயர் நிலைத்துவிட்டது. உண்மையான ராமையாவுக்கு இது தெரிந்து, இரண்டு நாள் எங்களுக்குச் சாம்பாரில் உப்பு கிடையாது.

இதுவரை நன்றாகத்தான் போனது. மேஜர் சோதனைக்குத் தேதி குறித்ததும் சனியன் பிடித்தது. தாங்கியின் போல்ட் ஒன்று காரணமில்லாமல் முறிந்தது. பெட்டி புகைந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம், தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது ராமையா நழுவி அனந்துவின் கால் கட்டைவிரலில் விழுந்து, நகம் கறுத்தது.

சோலைமுத்து நேரே அனந்துவிடம் வந்தான்.

“சார், நான் சொல்றேன்னு கோவிச்சுக்கிராதீக. இது எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான். ஆயுத பூஜை அன்னிக்கு சுத்தியல்லருந்து கிரேன் வரைக்கும் பொட்டு வச்சோம். இவரு மட்டும் கிடங்குல பெட்டிக்குள்ள கெடந்தாரு. அவருக்கு வைக்கலை. பேரே ஆயுத பூஜை. ஆயுதத்தை விட்டுப்புட்டு சுத்தியலுக்கு வச்சிருக்கோம். அவருக்குக் கோவம் இருக்காதா?”

“சோலைமுத்து, இது டிரான்சிஸ்டரும் வயரும். இதுக்குக் கோவம் எல்லாம் வராதுப்பா,” என்றான் அனந்து.

“அப்ப உங்க கால்ல விழுந்தது ஆசீர்வாதம் வாங்கவா சார்?”

கொட்டகையே சிரித்தது. அனந்துவுக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. ஆனால் கட்டைவிரல் அவனுடையது. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பார்வை ஓடியது. “வச்சுட்டுப் போகட்டுமே. பூஜைக்கு ஸ்டோர்ல ஒண்ணும் கேக்காம இருந்தா சரி,” என்றேன். அவன் ஒப்புக்கொண்டான்.

துபாய்க்குப் போகும் லாரி டிரைவரிடம் சொல்லி, பர் துபாயில் கோயிலை ஒட்டிய கடையில் பூஜைச் சாமான் வாங்கிவரச் சொன்னோம். அங்கேயும் தட்டுப்பாடு. சந்தனம், குங்குமம், கற்பூரம் கிடைத்தன. தேங்காய்க் கப்பல் வரவில்லை. பூசணிக்காய் என்றால் கடைக்காரர் சிரித்தாராம். டிரைவர் புத்திசாலி, வழியில் ஒரு தர்ப்பூசணி வாங்கிவந்துவிட்டார். லாரிக்குச் செய்ததை விமானத்தில் மாட்டுகிறோம், பூசணிக்காய்க்குப் பதில் தர்ப்பூசணி உடைத்தால் என்ன குடிமுழுகிவிடும்?

சோதனை நாள். சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. ஜனவரிக் குளிரில் மூச்சு விட்டால் புகை வந்தது. விமானத்தை வெளியே இழுத்து நிறுத்தி, ராமையாவை இறக்கையில் தொங்கவிட்டாயிற்று. ஒரு மணி நேரம் கழித்துத்தான் மேஜர் வருவார். அதற்குள் பூஜை. மின்சாரம் கொடுக்கவேண்டாம், வயரைக் கழற்றி வையுங்கள் என்று அனந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

விமானச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இறக்கை நுனியில் மல்லிகைக்குப் பதிலாக மேஜர் அலுவலகத்து வாசலில் பறித்த காகிதப் பூ. சோலைமுத்து சந்தனத்தைக் கரைத்து எல்லோர் நெற்றியிலும் வைத்தான். அனந்துவுக்குப் பெரியதாக வைத்தான். பிறகு கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தான்.

“நீங்கதான் சார் வைக்கணும். செஞ்சவுக கையால வைக்கிறதுதான் மொறை.”

அனந்து கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கினான். அவன் மனதில் அப்போது மயிலாப்பூர் ஸ்கூட்டர் ஓடியிருக்க வேண்டும், முகம் கொஞ்சம் இளகிப்போயிருந்தது. விரலால் சந்தனத்தை வழித்து ஒரு வட்டம், அதன் நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டினோம். தர்ப்பூசணியைச் சோலைமுத்து ஓங்கித் தரையில் அடித்தான். அது நம் பூசணியைப்போல மரியாதையாக உடையவில்லை, ஆறு பேர் சட்டை சிவப்பாகிவிட்டது. மீதியை ராமையா, அதாவது சமையல்கார ராமையா, பொறுக்கி எடுத்து எல்லோருக்கும் பங்கு வைத்தார்.

மேஜர் வந்தார். இரண்டு வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். நாய்க்காரர் ஒரு நாயோடு வந்தார், வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூட்டிவந்திருப்பார் போலும். அனந்து வயரைச் செருகினான். நூறு அடி தள்ளி ஒரு சிப்பாய் மண்ணெண்ணெய்ப் பந்தத்தைக் கொளுத்திப் பிடித்தான்.

என் ஸ்பீக்கர் ‘ஸ்ஸ்’ என்று இரைந்தது. அவ்வளவுதான்.

“கிட்ட வா,” என்று அனந்து கையசைத்தான். சிப்பாய் கிட்டே வந்தான். ‘ஸ்ஸ்.’ இன்னும் கிட்டே வந்தான். ‘ஸ்ஸ்.’ விமானத்துக்கே தீ வைத்துவிடுவானோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பீடிக்கு உறுமிய பிறவி, பந்தத்துக்கு வாயைத் திறக்கவில்லை.

அனந்து ஓடினான். பெட்டியைத் திறந்து பார்த்தான், சரியாக இருந்தது. வயரை அசைத்தான், சரி. பாட்டரி சரி. தாங்கி சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது வேலை செய்யாமலிருந்தால் அதைவிடப் பெரிய கஷ்டம் எஞ்சினியருக்கு வேறு இல்லை. அந்தக் குளிரிலும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. நாய் மட்டும் ஒரு தடவை உறுமியது. வெள்ளைக்காரர் அதைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் சேர்த்து ஸ்டோருக்குள் போட்டுப் பூட்டியிருப்பேன்.

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “மாஃபி?” என்றார் மெதுவாக.

“டூ மினிட்ஸ் சார்.”

அந்த இரண்டு நிமிடமும் போனது. “கலாஸ், முடிஞ்சது அனந்த். நல்லா முயற்சி பண்ணினே. விடு,” என்று சொல்லிவிட்டு மேஜர் ஜீப்பை நோக்கி நடந்தார். கோபமாகத் திட்டியிருந்தாலாவது தேவலை. அவரோ அனந்துவின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டல்லவா போனார். அனந்து அப்படியே நின்றான். சந்திரகலாவுக்கு என்ன எழுதுவது என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான்.

கைக்குட்டையைப் பார்த்தான். அதில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன, அவன் நெற்றியிலிருந்து வந்தவை.

ஒரு கணம் அசையாமல் அதையே பார்த்தான். பிறகு, “ஐயோ!” என்று கத்தியபடி இறக்கையை நோக்கி ஓடினான்.

நாங்களும் ஓடினோம். ராமையாவின் மூக்கு நுனியில், அந்த எலுமிச்சம்பழம் அளவுக் கண்ணாடியை முழுதாக மூடிக்கொண்டு, வட்டமாக, அழகாக, நடுவில் குங்குமத்தோடு, சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. யாருக்குப் பொட்டு வைத்தாலும் முகத்தில் வைப்பதுதானே வழக்கம்? இவனும் முகத்தைத் தேடி, முகத்தின் நட்ட நடுவில் வைத்திருந்தான். ‘கண்ணாடியை விரலால் தொடாதே’ என்று மூன்று பாஷையில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியவனே அவன்தான். வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் பத்துப் பேரில் ஒருவருக்காவது உறைத்ததா? இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

யார் கண்ணும் படக்கூடாது என்று வைத்த பொட்டு, உள்ள ஒரே கண்ணையும் மறைத்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நாங்கள் நமஸ்காரம் செய்து கண்ணைக் கெடுத்தோம்.

“ஸ்பிரிட்! சார், ஸ்பிரிட் இருக்கா?” அனந்து என்னைப் பார்த்துக் கத்தினான். தண்ணீரில் துடைத்தால் சந்தனம் இன்னும் மெழுகிக்கொள்ளும். ஸ்டோரில் ஸ்பிரிட் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ‘இருக்கு’ என்று கத்தினேன். ஆனால் ஸ்டோர் தளத்தின் மறு கோடியில். மேஜரின் ஜீப் அதற்குள் உறுமத் தொடங்கியிருந்தது.

அனந்து கறுத்த கட்டைவிரலோடு நொண்டியபடி ஜீப்பின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றுவிட்டான். மேஜர் இறங்கிவந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். அனந்துவுக்குப் பொய் வராது. பூஜையை, பொட்டை, சுத்தியலுக்கு வைத்து ஆயுதத்தை விட்ட கதையை, எல்லாவற்றையும் இந்தியில் கொட்டிவிட்டான்.

மேஜர் குனிந்து ராமையாவின் மூக்கைப் பார்த்தார். நிமிர்ந்து எங்கள் நெற்றிகளைப் பார்த்தார். சிவந்த சட்டைகளைப் பார்த்தார்.

“கண் படாம இருக்கவா இது?”

“ஆமா சார்.”

“நானும் கண்ணுக்குப் பயந்தவன்தான். என் ஜீப்பிலயும் ‘மாஷா அல்லாஹ்’ எழுதி வச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா பின்னாடி எழுதியிருக்கேன், பாய். முன் கண்ணாடியில எழுதலை. ரோடு தெரிய வேண்டாமா?”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் சிப்பாய் கையிலிருந்த பந்தம் ஆடியது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினார். அவர் எப்போதும் கைக்குப் பூசிக்கொள்ளும் கொலோன். “இதுல துடை. சீக்கிரம்.”

அனந்து கைக்குட்டையின் சுத்தமான முனையில் கொலோனை ஊற்றி, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்தான். விமானத்தடியில் ரோஜா வாசனை அடித்தது. கண்ணாடி பளிச்சென்று வெளியே வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கார ராமையா டீ கொண்டுவந்தார். பெரிய மனிதர்களுக்கு ஆறிப்போகக்கூடாது என்று, தள்ளுவண்டியில் தணல் போட்ட இரும்புச் சட்டியை வைத்து, அதன் மேல் கெட்டிலை ஏற்றி, விமானத்துக்கு நேர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்.

‘உர்ர்ர்ர்ர்!’

என் ரேடியோ ஸ்பீக்கர் அப்படி ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ராமையா பயந்துபோய் வண்டியை வலப்பக்கம் திருப்பினார். உறுமல் தணிந்தது. தப்பித்தோம் என்று இடப்பக்கம் வந்தார். மறுபடி ‘உர்ர்ர்ர்ர்!’ வெள்ளைக்காரரின் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்துவிட்டது.

“ஏமி இது! என்னையே முறைக்குது!” என்று ராமையாவும் பதிலுக்கு உறுமினார்.

சோலைமுத்து தரையில் உட்கார்ந்து சிரித்தான். மேஜர் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். “யல்லா, ஆகட்டும் அனந்த்! அடுத்த வாரம் பறக்க விட்டுப் பார்ப்போம்,” என்றார். அனந்து அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்தது. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் சட்டையில் மிச்சச் சந்தனத்தைத் துடைத்தான்.

அடுத்த வாரம் அது பறக்கவில்லை. அதற்கு முன்பே, நிறுத்தி வைத்திருந்த கப்பல் வந்துவிட்டது. விமானத்துக்கென்றே செய்த ஏவுகணைகள் புத்தம் புதிதாகப் பெட்டி பெட்டியாக இறங்கின. நான் எண்ணி உள்ளே வைத்தேன். எங்கள் ராமையாவைக் கழற்றித் திரும்பப் பெட்டியில் போடச் சொல்லி உத்தரவு வந்தது. இத்தனை பாடுபட்டது மண்ணாய்ப் போனதே என்று சோலைமுத்து தாங்கியைத் தடவிக்கொண்டே இருந்தான். தேவையில்லாத வேலைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? வீடு நாய்க்குத்தான் என்று அனந்து முடிவுகட்டி, நாமே போய்ச் சொல்லிவிட்டால் மரியாதையாவது மிஞ்சும் என்று மேஜரிடம் போனான். துணைக்கு நானும் போனேன்.

“சார், மிசைல் பறக்கலை. அதனால வீட்டை…” என்று ஆரம்பித்தான்.

மேஜர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“நான் என்ன சொன்னேன்? என் பிளேன்ல உட்கார்ந்து உறுமட்டும்னு சொன்னேன். பறக்கணும்னு சொன்னேனா? உறுமிச்சு. நானே கேட்டேன். ராமையாவும் கேட்டான்.” பிறகு, “அந்த நாய் இனிமே இந்தப் பக்கமே வராது,” என்றார்.

பங்குனி பிறந்ததும் சந்திரகலா வந்து சேர்ந்தாள். என் ரேடியோவும் ஸ்பீக்கரும் மறுபடி ஒன்று சேர்ந்தன. அந்த வீட்டு வாசலில் அவள் முதல் நாள் போட்ட கோலத்தை மணல்காற்று அழித்தது. மறுநாளும் போட்டாள். சளைக்காத பெண். எங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு அங்கே என்றானது. கேம்ப் ராமையா கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு, பிறகு அவரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்திரகலா கொட்டகைக்கு வந்தாள். அந்த வருடம் பர் துபாயில் தேங்காய் தாராளமாகக் கிடைத்தது. சுத்தியலுக்கு, வெல்டிங் மெஷினுக்கு, கிரேனுக்கு எல்லாம் பொட்டு வைத்து முடித்த பிறகு, “எங்கே அவர்? நான் அவருக்கு வைக்கணுமே,” என்றாள்.

மேஜரிடம் அனுமதி வாங்கிக் கிடங்கிலிருந்து ஏவுகணைப் பெட்டியைக் கொண்டுவந்தோம். சோலைமுத்து மூடியைத் திறந்தான். அவள் சந்தனக் கிண்ணத்தோடு மூக்குப் பக்கம் குனிந்ததுதான் தாமதம், நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், “கண்ணுல வேண்டாம்!” என்று கத்தினோம்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிறகு கணவனைப் பார்த்துச் சிரித்தாள். “எனக்குத் தெரியாதா? யாரால நான் இங்க வந்தேனோ, அவர் என்னைப் பார்க்க வேண்டாமா?” என்று சொல்லிவிட்டு முதுகில் அழகாகப் பொட்டு வைத்தாள்.

அனந்து என்னைப் பார்த்தான். அவன் என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரியும். “ரேடியோ அறையில இருக்கு. கழட்டிக்கோ,” என்றேன், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே.

தான் செய்த பழைய மின்சாரப் பெட்டியை வைத்து, வயரைச் செருகி, ஸ்பீக்கரை மாட்டினான். அவளிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சந்திரகலா தட்டில் கற்பூரத்தை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு, ராமையாவின் முகத்துக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

‘உர்ர்ர்ர்ர்!’

அவள் அலறிப் பின்வாங்கினாள். தட்டு ஆடியது. கற்பூரம் மட்டும் அணையவில்லை. பிறகு விஷயம் புரிந்து, மெதுவாக முன்னால் வந்து, மறுபடி சுற்றினாள். தட்டு மேலே போக உறுமல் ஏறியது, கீழே வர இறங்கியது.

“என்ன சொல்றார்?” என்று அவள் கேட்டாள்.

“உன்னைத் தெரியுதாம்,” என்றான் அனந்து.

கற்பூரம் தீரும்வரை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். அதுவும் உறுமிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் எனக்கு இலங்கை வானொலி இல்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.